பாம்பும் மண்வெட்டியும் இடம் மாறிய நாள்

பாப்பா,

நீ பெட்டியைத் திறந்து, மேலே மடித்து வைத்திருக்கிற இரண்டு புடவைகளையும் எடுத்த பிறகுதான் இந்தக் கடிதம் உன் கண்ணில் படும். இதற்குக் கீழே வாய் தைத்த ஒரு சின்னச் சாக்குப்பை கவிழ்ந்து கிடக்கும். அதைத் திருப்பிப் பார்க்காதே, முதலில் இதைப் படித்து முடி. நாளைக்கு உன்னைப் பஸ் ஏற்றும்போது நான் அழுவேன், உன் அப்பா என்னைத் திட்டுவார், நீ எங்கள் இருவரையும் சமாதானப்படுத்திக்கொண்டிருப்பாய். அந்த அமளியில் சொல்ல முடியாத ஒன்றை இப்போதே எழுதிவிடுகிறேன். ஐந்தாவது வரை படித்தவள் எழுதுவது, அதனால் உன் சிவப்பு மைப் பேனாவைக் கொஞ்சம் தள்ளி வை. புதுச்சேரி அச்சாபீசில் புரூஃப் பார்க்கப் போகிறவளுக்கு, பிழையுள்ள முதல் காகிதத்தை அம்மாவே கொடுத்தனுப்பிவிட்டாள் என்று சிரித்துக்கொள். ஆனால் நான் எழுத உட்கார்ந்தது எழுத்துப் பிழையைவிடப் பெரிய பிழையைப் பற்றி. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் நான் செய்த தப்பைக் கன்னியம்மா தலையில் கட்டினேன். அது உனக்குத் தெரியும். தெரிந்தும் நீ ஒரு நாளும் அதை வாய் திறந்து சொன்னதில்லை. நானும் சொல்லாமலே உன்னை அனுப்பிவிட்டால், அடுத்த முறை நீ ஊருக்கு வரும்போது உன் முகத்தை நேராகப் பார்க்க என்னால் முடியாது.

உப்பளத்தில் ஷெட் வேலை லேசில் கிடைத்துவிடாது. பாத்தியில் நிற்கிறவர்களின் கால் நாள் முழுக்க உப்புத்தண்ணீரில் ஊறும், பாதம் வெடிக்கும், வெடிப்புக்குள் உப்பு இறங்கும். ஆறு வருஷம் கூடை சுமந்த பிறகுதான் எனக்கு நிழல் கிடைத்தது. மூட்டைக்கு மார்க்கு போடுகிற வேலை. நாலு தகரத் தகடுகள், ஒவ்வொன்றிலும் ஓர் இங்கிலீஷ் எழுத்து வெட்டியிருக்கும். மூட்டை மேல் அவற்றை வரிசையாக வைத்து, மையில் தோய்த்த பிரஷ்ஷால் ஒற்றி எடுத்தால் சால்ட் என்று விழும். எனக்கு இங்கிலீஷில் ஓர் எழுத்தும் தெரியாது. எழுத்தின் உருவத்தைப் பார்த்து நானே பேர் வைத்துக்கொண்டேன்: முதலில் பாம்பு, அடுத்து கூரை, அப்புறம் மண்வெட்டி, கடைசியில் தூண். அதுதான் என் பாடம். ஷெட்டுச் சுவரில் நாலு ஆணிகள் உண்டு. சாயங்காலம் மண்ணெண்ணெய் விட்டுத் தகடுகளைக் கழுவி, அதே வரிசையில் ஆணியில் மாட்டவேண்டும். அது சாக்குத் தைக்கிற கன்னியம்மாவின் பொறுப்பு. காலையில் நான் வந்து, ஆணியில் இருக்கிற வரிசைப்படியே எடுத்து மூட்டை மேல் வைப்பேன். அப்படியே நாலு வருஷம் ஒரு தப்பும் இல்லாமல் ஓடியது. குமாஸ்தாவே ஒரு நாள், "இந்தம்மா கையெழுத்து அச்சு மாதிரி இருக்குது" என்று சொல்லிவிட்டார். அதைக் கேட்டு நான் ஒரு வாரம் தரையில் கால் பாவாமல் நடந்தேன்.

அந்தப் பங்குனியில் ஒரு சாயங்காலம் கன்னியம்மா என் பக்கத்தில் வந்து குசுகுசுத்தாள். "அக்கா, வூட்டுக்காரருக்கு ரெண்டு நாளா ஜுரம் உடல. வைத்தியர் கிளம்பறதுக்குள்ள போவணும். குமாஸ்தா கேட்டா நான் போனதைச் சொல்லிடாத." "நீ போ, நான் பாத்துக்கறேன்" என்றேன். தகடுகளை நானே கழுவினேன். நீ பள்ளிக்கூடம் விட்டு வந்து மூட்டை மேல் உட்கார்ந்து காலாட்டிக்கொண்டிருந்தாய். உனக்குப் பத்து வயது. உன்னிடம் கதை பேசிக்கொண்டே தகடுகளைத் துடைத்து மாட்டினேன். பாம்பும் மண்வெட்டியும் இடம் மாறிப்போனது எனக்குத் தெரியவில்லை. மறுநாள் காலை எப்போதும்போல ஆணியிலிருந்து எடுத்து ஒற்ற ஆரம்பித்தேன். பள்ளிக்கூடம் போகிற வழியில் எனக்குக் கஞ்சித் தூக்கைக் கொடுக்க வந்த நீ, மூட்டைகளைப் பார்த்துவிட்டு நின்றாய்.

"அம்மா, இது சால்ட் இல்ல."

"பின்ன இன்னா?"

"லாஸ்ட். எங்க கிளாஸ்ல லாஸ்ட் பெஞ்ச் இருக்குது இல்ல, அந்த லாஸ்ட்."

அப்போது இருபது மூட்டைகூட ஆகியிருக்காது. ஒரு நிமிஷம் நின்று நீ சொன்னதைக் கேட்டிருந்தால் எல்லாம் அதோடு போயிருக்கும். பக்கத்தில் நாலு பொம்பளைகள் சிரித்துவிட்டார்கள், எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "நாலு எழுத்து படிச்சிட்டா ஆத்தாளுக்கே பாடம் சொல்லுவியா? போடி பள்ளிக்கூடத்துக்கு" என்று உன் தலையில் ஒரு குட்டு வைத்தேன். நீ அழவில்லை. தலையைத் தடவிக்கொண்டே இன்னொரு தடவை மூட்டையைத் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனாய். இன்றைக்கு நினைத்தால் எனக்குப் பெருமையாகக்கூட இருக்கிறது. குட்டு வாங்கிய பிறகும் எழுத்தைச் சரிபார்த்துவிட்டுப் போன பிள்ளை புரூஃப் பார்க்காமல் வேறென்ன வேலைக்குப் போகும்?

மத்தியானம் குமாஸ்தா வந்தார். அதற்குள் ஒரு லாரி மூட்டை மார்க்கு போட்டு அடுக்கியாகிவிட்டது. "இன்னாது இது? லாஸ்ட்! லாஸ்ட்! அத்தனையும் லாஸ்ட்! உப்பு வாங்கறவன் இதைப் பார்த்தா காறித் துப்ப மாட்டான்?" என்று ஷெட்டே அதிரக் கத்தினார். யார் செய்தது என்று கேட்டார். பாத்தி வெயில் எனக்குக் கண்ணுக்கு நேராகத் தெரிந்தது. ஆறு வருஷ வெடிப்பு ஒரே நேரத்தில் பாதத்தில் வலித்தது. நான் சொன்னேன், "தகடு கழுவி மாட்டறது கன்னியம்மா வேலைங்க சார்." பார், இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் கிடையாது. தினமும் கழுவி மாட்டுவது அவள்தான். உண்மையான வார்த்தைகளை எடுத்தே ஒரு பொய்யைச் சொல்லிவிட்டேன். கன்னியம்மா என்னைப் பார்த்தாள். நேற்று நான் இங்கே இல்லை என்று அவள் சொன்னால், கேட்காமல் போனதற்கும் சேர்த்து வேலை போய்விடும். அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன். "நாளையிலருந்து நீ பாத்திக்குப் போ" என்றார் அவர். அவள் கையிலிருந்த கோணி ஊசியைச் சாக்கில் குத்தி வைத்துவிட்டு எழுந்து போனாள்.

சாயங்காலம், மூட்டைகளைத் திருப்பிப் போட்டு மறுபக்கத்தில் சால்ட் ஒற்றிக்கொண்டிருந்தபோது நீ வந்தாய். விஷயம் அதற்குள் உன் காதுக்கு எட்டியிருந்தது. என் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, மெதுவாகக் கேட்டாய், "நேத்து தகடு கழுவினது நீதானம்மா?" "வாயை மூடு" என்றேன். நீ மூடிக்கொண்டாய். ஆனால் சும்மா இருக்கவில்லை. உன் வாத்தியாரிடம் போய், லாஸ்ட் என்ற வார்த்தைக்குக் கடைசி என்பதைத் தவிர வேறு அர்த்தம் உண்டா என்று கேட்டிருக்கிறாய். அவர் பள்ளிக்கூடத்து டிக்ஷனரியை உன் கையில் கொடுத்து, ஞாயிற்றுக்கிழமை வைத்துக்கொண்டு திங்கட்கிழமை கொண்டு வா என்றிருக்கிறார். உன் தலையைவிடப் பெரிய புத்தகம். அதைத் தொடைமேல் வைத்துக்கொண்டு, சோறு தின்னக்கூட எழுந்திருக்காமல் பக்கம் பக்கமாகப் புரட்டினாய். பரீட்சைக்குப் படிக்கிறாய் என்று உன் அப்பா பூரித்துப் போனார். நீ என்ன தேடுகிறாய் என்று எனக்குத்தான் புரிந்தது. யார்மேலும் பழி விழாதபடி அந்த வார்த்தையையே சரியானதாக ஆக்கிவிட முடியுமா என்று தேடிக்கொண்டிருந்தாய்.

கண்டுபிடித்தும்விட்டாய். திங்கட்கிழமை டிக்ஷனரியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு ஷெட்டுக்கு வந்தாய், நேராகக் குமாஸ்தா மேஜைக்குப் போனாய். "சார், லாஸ்ட்னா கடைசின்னு மட்டும் இல்ல சார். கெடாம ரொம்ப நாள் இருக்கறதுன்னும் போட்டிருக்குது. உப்பு கெடாது இல்ல சார்? அதனால மூட்டையில போட்டது தப்பு இல்ல. கன்னியம்மா அத்தையை ஷெட்டுக்குக் கூப்பிடுங்க சார்." அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். "ஏம்பா, இங்க வாங்க, வக்கீலம்மா வந்திருக்காங்க!" என்று எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினார். உனக்கு ஒரு புதுப் பென்சில் கொடுத்தார். கன்னியம்மாவை மட்டும் கூப்பிடவில்லை. "மாத்தி மாட்டினது மாத்தி மாட்டினதுதான், பாப்பா" என்று முடித்துவிட்டார். நான் பத்தடி தள்ளி பிரஷ்ஷோடு நின்றிருந்தேன். நீ அந்தப் பென்சிலைப் பிடித்தபடி என்னைப் பார்த்தாய். அப்போது நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், "மாத்தி மாட்டினது நான்தான் சார்" என்று. நான் குனிந்து பிரஷ்ஷை மையில் தோய்த்தேன். என் ஆயுசில் எத்தனையோ தப்பு செய்திருக்கிறேன், உன்னை அடித்திருக்கிறேன், உன் அப்பாவிடம் வாய்க்கு வந்ததைப் பேசியிருக்கிறேன். அந்தக் குனிதல்தான் எல்லாவற்றிலும் கேவலம்.

அதற்குப் பிறகு நீ அந்த நாலு எழுத்தை விடவே இல்லை. ஞாயிறு தவறாமல் டிக்ஷனரி வீட்டுக்கு வந்தது. பாம்பு, கூரை, மண்வெட்டி, தூண், இந்த நாலும் இருக்கிற வார்த்தைகளை எல்லாம் நோட்டில் எழுதி, எதிரில் தமிழில் அர்த்தம் எழுதினாய். முதல் பக்கத்தில் நாலெழுத்து வார்த்தைகள் மூன்றே மூன்று, சால்ட், லாஸ்ட், அப்புறம் மெல்லிய மரச்சட்டத்துக்கு ஸ்லாட். அடுத்த பக்கத்திலிருந்து ஐந்தெழுத்து வார்த்தைகள். அந்த நாலோடு இன்னும் ஓர் எழுத்தைச் சேர்த்தால் எத்தனை கதவு திறக்கிறது என்று உனக்கு ஒரே குதூகலம். இ என்ற ஓர் எழுத்தைச் சேர்த்தாயே, அது ஒன்றே ஐந்து வார்த்தை கொடுத்தது. ஸ்லேட் என்றால் நீ எழுதுகிற பலகை. டேல்ஸ் என்றால் கதைகள். லீஸ்ட் என்றால் இருப்பதிலேயே கம்மி. ஸ்டேல் என்றால் ஊசிப்போனது. அதைக் கற்றுக்கொண்ட நாளிலிருந்து உன் அப்பா பழைய குழம்புச் சட்டியைத் திறந்தாலே, "இன்னாம்மே, ஸ்டேலா, நல்லா இருக்குதா?" என்று மோந்து பார்ப்பார். நேற்றுக் காலைகூடக் கேட்டார்.

ஐந்தாவது வார்த்தை ஸ்டீல். "ஸ்டீல்னா எவர்சில்வர்தான, அது எனக்கே தெரியுமே" என்றார் உன் அப்பா. நீ ரொம்பப் பெரிய மனுஷிபோல விளக்கினாய், "இல்லப்பா. நடுவுல ரெண்டு இ வந்தாத்தான் எவர்சில்வர். இயும் ஏயும் வந்தா திருடறது." அவர் வீட்டைச் சுற்றி ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அப்போ நம்ம வூட்ல ரெண்டுமே இல்ல" என்றார். நீங்கள் இருவரும் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். நானும் சிரித்தேன். அலுமினியச் சட்டியும் மண்பானையும் தவிர நம்மிடம் வேறு பாத்திரம் இல்லைதான். ஆனால் இன்னொருத்தி உட்கார்ந்திருந்த நிழலைத் திருடி வைத்துக்கொண்டிருந்தேனே. அது எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். நீ என்னைப் பார்க்காமல் நோட்டைத் திருப்பி அடுத்த வார்த்தைக்குப் போய்விட்டாய். பத்து வயதுப் பிள்ளைக்கு அந்த நாகரிகத்தை யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

நோட்டு வளர வளர நானும் வளர்ந்தேன். உலை கொதிக்கிற நேரத்தில் நீ வார்த்தை சொல்வாய், நான் எழுத்தைக் கண்டுபிடிக்கவேண்டும். பிளாஸ்ட் என்றால் வெடிப்பு, ஸ்டால் என்றால் கடை, ஸ்லாண்ட் என்றால் சாய்வு, ஸ்டாக் என்றால் தண்டு. ஒரு நாள் திண்டிவனத்தில் டைப் கிளாசுக்கு உன்னைச் சேர்க்கப் போனபோது, பஸ் ஸ்டாண்டில் ஒரு பலகையைப் பார்த்து நானே எழுத்துக் கூட்டி "டீ ஸ்டால்" என்று படித்தேன். நீ நடுரோட்டில் என்னைக் கட்டிக்கொண்டாய். அந்த டீயின் ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது. உன்னை இப்படியெல்லாம் மெச்சிக்கொண்டே இருந்தேன். மெச்ச மெச்ச அந்தப் பழைய விஷயத்தை எடுப்பது எனக்கு இன்னும் கஷ்டமாகிவிட்டது. கன்னியம்மா இரண்டு உப்புக்காலம் பாத்தியில் கிடந்தாள். அதற்குப் பிறகு ஷெட்டில் ஆள் போதவில்லை என்று குமாஸ்தாவே அவளைத் திரும்பக் கூப்பிட்டார். இருவரும் ஒரே கூரைக்குக் கீழே, ஊசி கேட்டால் ஊசி கொடுத்து, தண்ணீர் கேட்டால் தண்ணீர் கொடுத்து, இத்தனை வருஷம் ஓட்டிவிட்டோம்.

போன மாசம் அச்சாபீசில் உன்னைச் சோதித்துப் பார்த்த கதையை நீ வந்து சொன்னாய் அல்லவா, அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. வேண்டுமென்றே பிழை வைத்த ஒரு பக்கத்தைக் கொடுத்தார்கள், நீ எல்லாவற்றையும் பிடித்துவிட்டாய், அதற்கு மேலும் அவர்களுக்கே தெரியாத ஒரு பிழை இருந்தது என்றாய். "அதை எப்படிடி சொன்ன?" என்று கேட்டேன். "எல்லார் எதிர்லயும் சொன்னா அந்தப் பெரியவர் முகம் வாடிடும்னு, அவர் தனியா இருக்கும்போது காட்டினேம்மா" என்றாய். நீ சாதாரணமாகச் சொல்லிவிட்டுக் கை கழுவப் போய்விட்டாய். ஒன்பது வருஷமாக நீ என் முகம் வாடாமல் பார்த்துக்கொண்டிருக்கிறாய். நான்தான் நாம் இருவரும் தனியாக இருக்கும்போதுகூட ஒப்புக்கொள்ளவில்லை.

அதனால் போன வெள்ளிக்கிழமை மத்தியானம், எல்லாரும் தூக்கைத் திறந்து சாப்பிட உட்கார்ந்த நேரத்தில், நான் நடுவில் நின்று சொல்லிவிட்டேன். "அன்னிக்கு லாஸ்ட்னு விழுந்ததே, தகடை மாத்தி மாட்டினது நான். கன்னியம்மா அன்னிக்கு அந்த வேலையைத் தொடவே இல்ல. தெரிஞ்சேதான் அவமேல போட்டேன்." புதுசாக வந்த பொண்ணுகளுக்கு என்ன ஏது என்றே புரியவில்லை. கன்னியம்மா கையில் எடுத்த கவளத்தைத் திரும்பத் தூக்கிலேயே வைத்தாள். காலை நீட்டிப் பாதத்தைக் காட்டினாள். "ஒம்போது வருஷம் கழிச்சு வந்து சொல்ற. இந்த வெடிப்பு மூடுமா?" என்றாள். காலை மடக்கிக்கொண்டு மறுபடியும் பேசினாள். "உம் பொண்ணு இல்லன்னா உன் மூஞ்சியில நான் முழிச்சிருக்க மாட்டேன். அந்த ரெண்டு வருஷமும் பள்ளிக்கூடம் விட்டதும் பாத்திக்கு ஓடியாரும். என் கூடையில பாதியை அள்ளித் தன் கூடையில போட்டுக்கும். வரப்புல குச்சியால எழுத்து எழுதிக் காட்டும். 'அத்தை, இனிமே யாரும் உங்களைச் சொல்ல முடியாது, உங்களுக்கே படிக்கத் தெரியும்'னு சொல்லும். ஒரு நாள்கூட உன்னைக் காட்டிக்குடுக்கல."

நீ வரப்பில் விளையாடிவிட்டு வருகிறாய், பாவாடையெல்லாம் உப்பு என்று நான் திட்டிய சாயங்காலங்கள் எல்லாம் எனக்கு அப்போதுதான் புரிந்தது. மன்னிச்சுக்கோ என்று கன்னியம்மாவிடம் கேட்டேன். "அதெல்லாம் இப்ப சொல்ல மாட்டேன்" என்றாள். பட்டென்று சொல்லிவிட்டாள், எனக்கு அது பிடித்திருந்தது. அழுதுகொண்டே மன்னித்திருந்தால் நான் இன்னும் கூனிப்போயிருப்பேன். தூக்கை மூடும்போது, "பொண்ணு எப்பப் போவுது?" என்று கேட்டாள். சொன்னேன். நேற்று அவள் ஒரு சின்னச் சாக்குப்பையைத் தைத்துக்கொண்டு வந்தாள். குவித்து வைத்த உப்பு அம்பாரத்தில் சுத்தமான இடமாகப் பார்த்து, கை நிறைய உப்பை அள்ளி, நேராக என் கையில் வைத்தாள். உப்பைக் கைக்குக் கை கொடுத்தால் சண்டை வரும் என்று தெரியாதவளா அவள்? நான் கையை இழுத்தேன். "வரட்டும். ஒம்போது வருஷமா போடாத சண்டை பாக்கி இருக்குது" என்றாள். சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். நாங்கள் இருவரும் பையை நிரப்பினோம்.

உனக்கு அறிவுரை சொல்ல எனக்கு வாய் இல்லை, இருந்தாலும் பெற்றவள், ஒன்றாவது சொல்லாமல் விடமாட்டேன். அடுத்தவர் பிழையை எப்படிச் சொல்வது என்று உனக்குத் தெரியும், அதில் நீதான் எனக்கு வாத்தியார். உன் கையிலிருந்தும் ஒரு நாள் பிழை விழும். விழுந்த அன்றைக்கே, யாராவது கேட்பதற்கு முன்னாலேயே, நான்தான் என்று சொல்லிவிடு. முதல் நாள் அது ஒரு வார்த்தைதான். ஒன்பது வருஷம் கழித்துச் சொல்லும்போது எப்படிக் கனக்கிறது என்று நான் பார்த்துவிட்டேன். மற்றபடி வேளைக்குச் சாப்பிடு. கடைச் சாம்பாரில் உப்பு கம்மியாக இருக்கும், இந்தப் பையிலிருந்து ஒரு கல் போட்டுக்கொள். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். இதில் இரண்டு பேர் இட்ட உப்பு இருக்கிறது.

இப்போது பையைத் திருப்பிப் பார். தகடுகளைக் கன்னியம்மாதான் ஆணியிலிருந்து எடுத்து வரிசையாக வைத்தாள், நான் மை ஒற்றினேன். முதலில் மண்வெட்டி, அடுத்து கூரை, அப்புறம் பாம்பு, கடைசியில் தூண். வைப்பதற்கு முன்னால் ஒவ்வொன்றையும் இரண்டு பேரும் வாய்விட்டுப் படித்தோம். கெடாமல் ரொம்ப நாள் இருப்பது என்று நீ சொன்ன அர்த்தத்தில்தான் போட்டிருக்கிறோம். பாப்பா, அதைத் திருத்திவிடாதே.

உன் அம்மா